குகைக் கதையும் ஒரு பிடி ஈரச் சரளையும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தருமபுரியைச் சுற்றி நான் வெட்டிய கிணறுகளில் தண்ணீர் வராத கிணறு என்று ஒன்றைக் காட்டிவிட முடியாது. பெருமைதான், ஆனால் உண்மை.

போன வருஷம் என் மாடியில் குடியிருந்த டீச்சரம்மாவுக்கு, கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. பல வருஷமாகத் தற்காலிகமாகவே பாடம் எடுத்தவர். வயது வரம்பு நெருங்கிவிட்டதால், இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. தேர்வுக் குழு முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பழைய கிரேக்கக் குகைக் கதை அரபுத் தத்துவத்துக்குள் போய் என்ன செய்தது என்பதை எடுத்துக்கொண்டார். என்னையும் என் மனைவியையும் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். பத்து நிமிஷத்தில் அவள் கொட்டாவி விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டீச்சரம்மா நோட்டை மூடினார். “அம்மாவே தூங்குறாங்க. அங்க யார் கேக்கப்போறாங்க?”

“அவ சினிமாவுக்குப் போனாலும் தூங்குவா. நீங்க கதைய மட்டும் சொல்லுங்க,” என்றேன்.

சொன்னார். குகைக்குள் கட்டுண்டு கிடப்பவர்கள் சுவரில் விழும் நிழலையே நிஜம் என்று நம்புகிறார்கள். ஒருவன் வெளியே போய்ச் சூரியனைப் பார்த்துத் திரும்பி வந்து சொல்கிறான். யாரும் நம்பவில்லை. அரபு அறிஞர்கள் அதற்கு மேல் ஒன்று யோசித்தார்களாம்: கண்டவன் காணாதவனுக்கு எப்படிப் புரிய வைப்பது? நபிமார்கள் உவமையாகப் பேசியது அதற்காகத்தான் என்றார்களாம்.

“இது நான் பண்ண வேலைதானுங்க,” என்றேன். “அறுபதடி கீழ பாறையில கசிவு தெரியும். மேல வந்து ஊத்து இருக்குன்னா தோட்டத்துச் சொந்தக்காரரு நம்பமாட்டாரு. ஒரு பிடி ஈரச் சரளைய அள்ளியாந்து அவரு கையில வெப்பேன். சில்லுன்னு இருக்கும். அப்புறம் வேலைய நிறுத்தச் சொல்லமாட்டாரு.”

“வெட்டுனது ஆளுங்க. சரளை தூக்குனதுதான் இவரு,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார்.

தேர்வன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக எங்களிடம்தான் வந்தார். கிணற்றிலிருந்தே பாடத்தை ஆரம்பித்தாராம். வெறும் ஈரத்தையே ஊற்று என்று ஒருவன் நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று குழுவில் ஒருவர் மடக்கினாராம்.

“அதனாலதான் கொஞ்சம் பேராவது உள்ள எறங்கிப் பாக்கணும்னு அந்த அறிஞர்கள் நெனச்சாங்கன்னு சொன்னேன். திங்கக்கிழமை ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்கய்யா.”

“என்னப் பத்திச் சொன்னீங்களா?”

“கெணறு வெட்டுறவர் ஒருத்தர்னு சொன்னேன்.”

“ஒருத்தரா? இந்த ஜில்லாவுலயே பெரிய ஆளுன்னு சொல்றதுக்கென்ன?”

“திங்கக்கிழமை சொல்லிடறேங்கய்யா,” என்றார்.