ஐடாவின் தூக்குக்குண்டு

ஐடா ஹெஸ்லப்பைப் பற்றி நான் எழுதினால் அவள் புருஷன் வில்ஃப்புக்குக் கோபம் வரும். வரட்டும். டைன் நதிக்கரைக் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன் நான். அந்தப் பீரங்கி மேடையைத் தூக்கி எடுத்ததும் இந்தக் கைதான்.

இரண்டாம் உலகச் சண்டையின் நாலாம் வருடம். எங்கள் பட்டறையிலேயே பிறந்த க்ரூசர் போர்க்கப்பல் பழுதுபார்க்க வந்திருந்தது. வேகத்துக்காக ஒல்லியாகச் செய்த கப்பல். விமானங்களைச் சுட எட்டுத் துப்பாக்கிகள் புதிதாக ஏற்ற உத்தரவு. குருவி தலையில் பனங்காய்! மேல்பாரம் கூடினால் கப்பல் கவிழும். அதனால் சாய்த்துப் பார்க்கும் சோதனையில் சாய்வு அதிகமாக இருந்தால் பின்பக்கத்துப் பெரிய பீரங்கி மேடை ஒன்றைக் கழற்ற வேண்டும். அது மரீன்கள் என்ற கப்பல் சிப்பாய்களின் மேடை, தலைமுறை தலைமுறையாக அவர்கள் பாத்தியதை. அந்த மரீன்களில் ஒருவன் வில்ஃப்.

சோதனை அன்று எல்லோரையும் இறக்கிவிட்டு, மேல்தளத்தில் இரும்புக் கட்டிகளைப் பக்கம் மாற்றி வைத்துக் கப்பலைச் சாய்த்தோம். கப்பலுக்குள் தொங்கும் தூக்குக்குண்டு எத்தனை அங்குலம் விலகுகிறது என்று அளந்து கையெழுத்துப் போடுவது ஐடாவின் வேலை. குண்டு நிலைக்கு வராமல் ஆடியது. யாரோ உள்ளே நடமாடுகிறார்கள் என்று புரிந்து, அவள் விறுவிறுவென்று மேலே போய் மேடையின் இரும்புக் கதவைத் தட்டினாள்.

"உள்ள யாரு?"

"யாருமில்ல."

"யோவ் வில்ஃப், உன் குரல் எனக்குத் தெரியாதா? இப்ப வரலைன்னா வீட்டுல பட்டாணிக் களிகூடக் கிடையாது."

பத்து மரீன்கள் அசடு வழிய வெளியே வந்தார்கள். வில்ஃப் மட்டும் முறைத்தான்.

"எங்க பீரங்கிய எடுத்துட்டு எங்கள உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்றியா?"

"உரி. உசிரோட இருந்து உரி."

மறுபடி அளந்தாள். ஏழு அங்குலம். ஆறைத் தாண்டாமல் இருந்தால்தான் மேடை தப்பும். பட்டறை மேலாளர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கேப்டனுக்குப் புதுத் துப்பாக்கி, பழைய மேடை ரெண்டும் வேணுமாம். ஆறுன்னு போடும்மா."

"ஏழு சார்."

"வேற பொண்ண வெச்சு எழுதிக்குவேன்."

"எழுதிக்குங்க. குண்டு ஏழுதான் காட்டும். நேவி ஆபீசருகிட்ட நானே போறேன்."

போனாள். மேடையைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மறுநாளே மேலாளர் அவள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார். அவளும் தினம் அவர் அறை வாசலில் நின்று, சீட்டியடித்துக்கொண்டே பெருக்கினாள். எனக்கு அவள்மேல் அவ்வளவு பெருமை.

ஆனால் வில்ஃப் ஒரு வார்த்தை பேசாமல் கப்பலேறிய அன்று சீட்டி கேட்கவில்லை. அழுதுகொண்டே பெருக்கினாள்.

பிப்ரவரியில் வடகடலில் கப்பலை டார்பிடோ தாக்கியது. கிழிந்த வயிற்றோடு எங்களிடமே திரும்பி வந்தது. வில்ஃப் இறங்கி நேராக அவளிடம் வந்தான். பட்டறையே வேடிக்கை பார்த்தது, மேலாளர் உட்பட.

"எவ்வளவு சாஞ்சுச்சு?" என்றாள் ஐடா. வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

"சுவத்துல நடந்தோம்டி. அப்படியே கிடந்துச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்புறம் மெல்ல நிமிந்துச்சு."

அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினான். மேலாளரிடம் நீட்டினான்.

அவரும் வாங்கிக்கொண்டார்.