ரோலர் கோஸ்டருக்குப் பின்னால் ஒரு துண்டுக் காணி

காலை எட்டு மணி, வாசலில் பதினொரு வாகனங்கள், எல்லோருக்கும் முன்னால் முறைப்பாட்டோடு ஹெர் கிரெப்ஸ் என்கிற முதியவர்: சுவிஸில் எங்கள் கேளிக்கைப் பூங்காவின் கேம்பிங் திடலில், வரவேற்பு மேசையில் கோடைக்காலம் இப்படித்தான் தொடங்கும். விடுதியில் வேலை செய்பவன் மெத்தை சரியில்லை, குழாய் சரியில்லை என்று கேட்டுக்கொள்வான். நாங்களோ மெத்தை, கூரை, கழிப்பறை எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே இழுத்துக்கொண்டு வருபவர்களிடம் அதே முறைப்பாடுகளைக் கேட்கிறோம். ஏதாவது ஒரு மேசைக்குப் பின்னால் நின்று சிரித்துச் சம்பளம் வாங்குகிற எவருக்கும் மேலே விளக்கம் தேவையில்லை.

கத்துகிறவர்கள்

ரோலர் கோஸ்டரின் பெரிய வளைவு எங்கள் திடலின் ஓரமாகத்தான் போகிறது. விளம்பரப் படத்தில் அதுதான் முதலில் தெரியும். சோலோதுர்னிலிருந்து வந்த ஒருவர் அந்த வளைவின் கீழேயே இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பிள்ளைகள் படுக்கையில் இருந்தபடி பார்க்கட்டும் என்றார். மறுநாள் மேசைக்கு வந்தார்.

"இரும்புச் சத்தம் பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான்" என்றார். பிறகு யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "ஆனால் அதில் ஏறுகிறவர்கள் கத்துகிறார்கள். அவர்களிடம் யாராவது சொல்லக்கூடாதா?"

காசு கட்டி

யோகன் அண்ணைக்கு ஓல்டனில் பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை. நானும் ஓல்டன்தான், ரயில் மேடையில் கண்டு பழக்கம். நாலாம் மாடியில் முப்பது வருடம் இருந்தவருக்கு, கதவைத் திறந்ததும் காலில் மண் படவேண்டும், அந்த மண்ணில் நாலு மிளகாய்க் கன்று நிற்கவேண்டும் என்று ஆசை. காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வீட்டுவண்டி, பழைய கரவன் ஒன்றை வாங்கினார். எங்கள் திடலில், ரோலர் கோஸ்டருக்குப் பின்னால், நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது.

நிரந்தர இடம் சும்மா கிடைக்காது. ஒரு கோடை முழுக்கப் பரீட்சார்த்தமாக இருக்கவேண்டும். செப்டம்பர் முடிவில் பழைய நிரந்தரக்காரர்களின் குழு கூடி ஓம் அல்லது இல்லை சொல்லும். இல்லை என்றால் கரவனைக் கொளுவிக்கொண்டு போகவேண்டியதுதான். ஓம் என்றால் விரும்புகிற வரைக்கும் இருக்கலாம். யோகன் அண்ணை குழுவைக் கேட்பதற்கு முன்னமே, "காணி எடுத்திட்டன்" என்று கனடாவரைக்கும் சொல்லிவிட்டார்.

அவருடைய மனைவி ரதி அக்கா காரிலிருந்து இறங்கி, சுற்றுவேலியைப் பார்த்தார், வாசல் தடுப்பைப் பார்த்தார், பொதுக் குளியலறையைப் பார்த்தார், கடைசியாக வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு புருசனிடம் திரும்பினார். "இஞ்சேருங்கோ, அகதிக் காம்பிலை இருந்து வெளியிலை வர நாங்கள் எவ்வளவு பாடுபட்டனாங்கள். அங்கையும் இப்பிடித்தான், பொதுக் குளியலறை, வாசல்லை ஒரு ஆள். இப்ப நாங்களாய்க் காசு கட்டித் திரும்பிப் போறமோ?"

இரண்டு எலுமிச்சம்பழம்

கரவனை இடத்தில் விட்டதும் யோகன் அண்ணை சக்கரத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கரவன் கொளுவியிருந்த காரை, பழம் நசுங்க ஒரு அடி முன்னால் எடுத்தார். வண்டி வாங்கினால் எங்கள் ஆட்கள் செய்கிறதுதான்.

பக்கத்து இடம் ஹெர் கிரெப்ஸுடையது. ஓய்வுபெற்ற நில அளவையாளர், குழுவின் தலைவர், நூல் பிடித்துச் செடிவேலி வெட்டுகிறவர். கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். திறந்த நெருப்பு, புகை, சரளைக் கல்லில் பழக் கழிவு என்று மனதுக்குள் விதிகளை எண்ணத் தொடங்கினேன். அவரோ தன் கரவனுக்குள் போய், இரசமட்டமும் இரண்டு மரக்கட்டைகளும் கொண்டுவந்தார். கரவன்காரர்களுக்கு வண்டியைச் சரிமட்டமாக நிறுத்துவதும் ஒரு பூசைதான். இரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, பழத்தைக் காட்டி, யோகன் அண்ணையிடம் அக்கறையோடு சொன்னார்: "யோசனை நல்லது. இரண்டு பக்கமும் ஒரே அளவாகவும் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் பழம் நசுங்கிவிடும், மரம்தான் தாங்கும்."

பார்க்க வந்தவர்கள்

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "சும்மா பார்க்க அஞ்சாறு பேர் வருவினம், தம்பி" என்று யோகன் அண்ணை சொல்லியிருந்தார். ஐந்தாறு கார்கள் வந்தன. ஆட்டிறைச்சிக் கறி ஒரு கிடாரம். கூடவே, ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்ளாமல் கொண்டுவந்த மூன்று ரைஸ் குக்கர்கள். மூன்றையும் ஒன்றாகச் செருகியதும் அந்த வரிசைக்கே மின்சாரம் போனது. ஹெர் கிரெப்ஸின் தொலைக்காட்சியில் சைக்கிள் ஓட்டப் போட்டி, கடைசி ஏற்றம்.

அவர் வருவதைக் கண்டு யோகன் அண்ணை என் கையைப் பிடித்தார். "போச்சு தம்பி. காணி போச்சு." ஹெர் கிரெப்ஸ் வாயைத் திறப்பதற்குள் ரதி அக்கா அவர் கையில் ஒரு கோப்பை சோறும் கறியும் கொடுத்துவிட்டார். அவர் நின்றபடியே சாப்பிட்டார். மூக்கு சிவந்தது. தண்ணீர் கேட்டார், பிறகு இன்னும் கொஞ்சம் கறி கேட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். "சாப்பாட்டைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவுமில்லை. மின்சாரத்தைப் பற்றிய முறைப்பாடு அப்படியே இருக்கிறது."

வேலிக் கேள்வி

அதன்பின் யோகன் அண்ணையின் இடத்தில் இலை விழுந்தாலும் கேட்கும். உறவினர் வந்தால் வாசலிலேயே கதைத்து அனுப்பினார். மிளகாய்க் கன்றுகளைக்கூட, குழு சொன்ன பிறகு நிலத்தில் வைக்கலாம் என்று சாடிகளிலேயே விட்டிருந்தார்.

செப்டம்பர் முடிவில் குழு கூடியது. ஹெர் கிரெப்ஸ், ஃபிராவ் மோசர் என்கிற அம்மா, காது கொஞ்சம் மந்தமான இன்னொரு பெரியவர். நிர்வாகத்தின் சார்பில் நான். யோகன் அண்ணை பிரஜாவுரிமை நேர்காணலுக்குப் போட்ட அதே கோட்டைப் போட்டிருந்தார். குப்பையை எப்படிப் பிரிப்பீர்கள், அமைதி நேரம் எப்போது, எல்லாவற்றுக்கும் மெல்லிய குரலில் சரியான பதில் வந்தது. பாடமாக்கிய பதில் என்று அவர்களுக்கும் தெரிந்தது. ஹெர் கிரெப்ஸ் ஜூலை மாத மின்சாரத்தை நினைவூட்டினார். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். காணி கைநழுவுவது எனக்கே தெரிந்தது.

கடைசிக் கேள்வியை ஃபிராவ் மோசர் கேட்டார். "பக்கத்து இடத்துச் செடிவேலி உங்கள் பக்கம் வளர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள்?"

'பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ' என்று ரதி அக்கா வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாராம். ஆனால் கேட்டது வேலியைப் பற்றி, கேட்கப்பட்டவர் யாழ்ப்பாணத்து ஆள். யோகன் அண்ணை எழுந்துவிட்டார். வந்தால் என்ன, வந்தேவிட்டது என்றார். தண்ணீர்க் குழாய் மூலையில் ஹெர் கிரெப்ஸின் வேலி ஒரு சாண் தன் பக்கம் நிற்கிறது என்றார். வந்த கிழமையே எல்லையில் முளை அடித்து வைத்துப் பார்த்ததாகவும், கோடை முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். தன் தகப்பனும் பக்கத்து வீட்டுக்காரரும் இதைவிடக் குறைந்த அளவுக்கு நீதிமன்றம் போனவர்கள், இரண்டு பேரும் செத்த பிறகும் வழக்கு நடந்தது என்றார். நல்ல, உரத்த, இலக்கணம் தப்பாத ஜெர்மனில். பின்னால் இருந்த ரதி அக்கா கண்களை மூடிக்கொண்டார்.

ஃபிராவ் மோசர் முன்னால் சாய்ந்து, முளை மரமா இரும்பா என்று கேட்டார். மந்தமான காதுக்காரர் நாற்காலியைக் கிட்ட இழுத்துப்போட்டார். அந்த மூலையைப் பற்றி அவர்கள் எல்லோருக்கும் பல வருடமாகத் தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை. ஹெர் கிரெப்ஸ் முகம் சிவந்து, சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். எல்லோரும் வெளியே போனோம். அளந்தார், இன்னொரு முறை அளந்தார், கத்தரிக்கோலைக் கொண்டுவந்து தன் வேலியைத் தானே வெட்டினார். நின்ற இடத்திலேயே குழு ஏகமனதாக ஓம் சொன்னது. யோகன் அண்ணையின் கையை முதலில் குலுக்கியவரும் ஹெர் கிரெப்ஸ்தான்.

திரும்பி நடக்கும்போது ரதி அக்கா புருசனிடம் சொன்னார்: "பாஸ்போட்டுக்கு மலை, ஆறு எல்லாத்தின்ரை பேரையும் கிடந்து பாடமாக்கினீங்கள். அங்கையும் இந்த வேலிக் கதையைச் சொல்லியிருந்தால் முதல் தரமே தந்திருப்பாங்கள்."

இந்த வருடம் ஜூன் மாத முதல் சனிக்கிழமை, விடியக் காலையில் உரலில் சம்பல் இடித்ததாக, ரெனானிலிருந்து வந்து கூடாரம் போட்டிருந்த தன் சொந்த மச்சானின் மேல் யோகன் அண்ணை முறைப்பாடு செய்தார்.