நடு ஊரில் ஒரு நாற்காலி

என் அக்கா பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடும் பிரிவில் எழுத்தராக இருந்தாள். எந்தத் தடத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே எத்தனை நிமிடம் நிற்கும், ஓட்டுநர் எப்போது சாப்பிடுவார் என்பதையெல்லாம் கட்டம் போட்ட பெரிய தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கணினியில் ஏற்றுவாள். வீட்டிலும் அதே புத்திதான். குளிக்கப் போகும்போதுகூட ஏழு பத்துக்கு வெளியே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவாள், வந்தும் விடுவாள். பணிமனையில் அவளைக் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள்.

அத்தான் லிப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிப்ட்டைத் திறந்து உள்ளே இருப்பவர்களை வெளியே எடுப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. அக்காவை அவர் முதலில் பார்த்ததே அப்படித்தான். தலைமை அலுவலகத்துக்குத் தாள் கொடுக்கப் போனவள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். அவர் கதவைப் பிளந்து கை கொடுத்தபோது அவள் நன்றி சொல்லவில்லை. "நாப்பத்திரண்டு நிமிஷம் லேட்" என்றாள். இதை அத்தான் சொல்லாத ஆளில்லை. அழுதவர்களைப் பார்த்திருக்கிறாராம், மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறாராம், தனக்கு லேட் போட்டவள் இவள் ஒருத்திதானாம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் அக்காவுக்குக் கால் வீங்கியது. செருப்பு கடிக்கிறது என்று நினைத்து ஒரு சைஸ் பெரிதாக வாங்கினாள். அடுத்த மாதம் முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டரம்மா சொன்னபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் காலையில் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு அவள் கையைச் சேர்த்துவிடுவார்கள். மற்ற நாட்களில் அரை நாள் வேலைக்குப் போனாள். அத்தான் மாலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. காலையில் அதை ஒரு பாட்டிலில் ஊற்றி மேஜையில் வைப்பது அவர்தான். எடை பார்ப்பதும் மாத்திரை பிரிப்பதும் அவர்தான். அவள் தூங்கும்போது மூச்சு சரியாக வருகிறதா என்று எழுந்து பார்ப்பதும் அவர்தான். நானும் அம்மாவும் அதே கட்டடத்தில் கீழ் வீட்டில் இருந்தோம். உதவி செய்ய வந்தவர்கள் நாங்கள், செய்ய அவர் எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

ஒன்றரை வருடம் இப்படிப் போன பிறகு, கோடை தொடங்கும்போது, அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டம் போட்ட தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். கடற்கரைச் சாலையில் எட்டு நாள் காரில் போக வேண்டும் என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு போவதாக இருந்து போகாமல் விட்ட பயணம் அது. அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

"மேலயும் கீழயும் போயே என் காலம் முடிஞ்சிரும்னு நெனச்சேன். ஒரு தடவையாவது நேரா போவோம்" என்று அத்தான் சொன்னார். தன் கம்பெனி சூப்பர்வைசரின் காரைக் கேட்டு வாங்கிவிடலாம் என்றும் சொன்னார்.

அவர் குளிக்கப் போனதும் அக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நான் இப்ப அவருக்கு ஒரு டியூட்டி மாதிரி ஆயிட்டேன்டி. எட்டு நாள் அவருக்குப் பொண்டாட்டியா இருந்துட்டு வரணும். அவ்வளவுதான்."

அந்த மாதிரிப் பயணத்தை மற்றவர்கள் எப்படித் திட்டமிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கே குளிக்கலாம், எங்கே மீன் நன்றாக இருக்கும், எந்த அறையின் ஜன்னல் கடல் பக்கம் திறக்கும் என்று பார்ப்பார்கள். அக்கா வரைபடத்தில் மெஷின் இருக்கும் ஆஸ்பத்திரிகளைத்தான் முதலில் புள்ளி வைத்தாள். சனிக்கிழமை மதியம் இங்கே மெஷினிலிருந்து எழுந்ததும் கிளம்ப வேண்டும். செவ்வாய் ஓர் ஊரில், வியாழன் ஓர் ஊரில், அடுத்த சனி ஓர் ஊரில் அவளுக்கு நாலு மணி நேரம் நாற்காலி கிடைக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் அப்படி ஏழு ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஏழுக்கும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் இணைத்து அனுப்பியது நான். நாலு பேர் பதிலே போடவில்லை. முதல் ஊரில் செவ்வாய் மட்டும் தருவதாகவும், கடைசி ஊரில் சனி மட்டும் தருவதாகவும் எழுதினார்கள். நடு ஊரிலிருந்து வந்தது இரண்டே வரி. பதினொரு நாற்காலி, பதினொன்றும் நிரம்பியிருக்கிறது, காலியானால் தெரிவிக்கிறோம்.

வியாழக்கிழமை இல்லாமல் மற்ற இரண்டும் உதவாது. செவ்வாயிலிருந்து சனி வரை அவள் உடம்பு தாங்காது. அக்கா நடு ஊருக்குப் போன் செய்தாள். பேசியது ஒரு நர்ஸ், களைத்த குரல். யாருக்காவது சிறுநீரகம் மாற்று கிடைத்தால், அல்லது யாராவது ஊர் மாறிப் போனால் காலியாகும் என்றாராம். தினமும் கேட்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, கேளுங்கள் என்றாராம். அன்றிலிருந்து தினமும் அலுவலகத்தில் டீ வரும் நேரம், பத்தரைக்கு, அவள் அந்த நர்ஸைக் கூப்பிட்டாள். மெஷினில் இருக்கும் நாட்களில் இடது கையால் போன் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். பணிமனையில் ஒரு வண்டி பழுதானால் வேறு வண்டி ஏதாவது சும்மா நிற்கிறதா என்று கேட்பாள் அல்லவா, அதே குரலில் கேட்டாள்: "சிஸ்டர், இன்னிக்கு ஏதாவது காலியாச்சா?"

இதற்குள் தாள் நிரம்பிக்கொண்டு வந்தது. அத்தானுக்கு எட்டு நாள் லீவு கிடைத்தது. எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று பேருந்து ஓட்டுநர்களைக் கேட்டு எழுதினாள். ஒரு வளைவில் பதினைந்து நிமிடம் 'சும்மா நிற்றல்' என்று போட்டிருந்தாள். அது எதற்கு என்று அத்தான் கேட்டார். அந்த இடத்தில் சாலை கடலுக்கு மிகக் கிட்டே போகிறதாம். பதினைந்து நிமிடத்தில் கடலைப் பார்த்து முடித்துவிட வேண்டுமா, ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுக்கக் கூடாதா என்று அவர் கெஞ்ச, அவள் யோசித்து மூன்று நிமிடம் கூட்டிக் கொடுத்தாள். அந்த நாட்களில் வீட்டில் அப்படிச் சிரிப்பு இருந்தது.

பதினேழாம் நாள் ஒரு வியாழன். அக்கா மெஷினில் இருந்தாள். நானும் அன்று கூடப் போயிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியின் அந்த அறையில் எட்டு நாற்காலிகள். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நாற்காலி நம்பர்தான். அக்கா நாலு. பக்கத்தில் அஞ்சு, ஒரு தையல்காரம்மா. எதிரில் ரெண்டு, டாக்சி ஓட்டும் அண்ணன். ஒருவர் ஒரு முறை வராவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டாம் முறையும் வராவிட்டால் அப்போதும் கேட்க மாட்டார்கள். மூன்றாம் முறை சிஸ்டர் பலகையில் பெயரை மாற்றி எழுதுவார். புதிதாக வருபவர் தன் போர்வையோடு வந்து உட்காருவார். அத்தான் எப்போதும் வெளி வராந்தாவில் இருப்பவர், இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது.

பத்தரைக்கு முன்னாலேயே அவர் போன் அடித்தது. நடு ஊர் நர்ஸ். இரண்டு நம்பரும் கொடுத்திருந்தோம். அத்தான் எதிர்க் கடைக்கு ஓடி ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எட்டுப் பேருக்கும் நீட்டினார்.

"சீட் கிடைச்சிருச்சு. நடு ஊர்ல. வியாழக்கிழமை காலை ஏழு மணி ஷிப்ட்" என்றார்.

பயணத்தைப் பற்றி அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்சி அண்ணன் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

தையல்காரம்மாதான் மெல்லக் கேட்டார். "அதுல இருந்தவங்க என்ன ஆனாங்களாம்ப்பா?"

"அது கேக்கலையேம்மா" என்றார் அத்தான், சிரித்த முகம் மாறாமல்.

"சரி, இருக்கட்டும். நான் அப்புறமா சாப்பிடறேன்" என்று அந்த அம்மா பிஸ்கட்டை ஒரு காகிதத்தில் மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று அத்தான் நினைத்தார். நான் அவள் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூங்கவில்லை.

மறுநாள் பத்தரைக்கு அவளே அந்த நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டாள். நர்ஸ் முதலில் சொல்லத் தயங்கினாராம். நகல் எடுக்கும் கடை வைத்திருந்த ஒரு பெண், முப்பத்தொரு வயது, இரண்டு வருடமாக அந்த நாற்காலிதான், போன ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான் சொன்னாராம். நாற்காலியை உங்கள் ஊர்க்காரர் யாருக்காவது நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் அத்தான் அவளோடு வாதாடினார். அவர் அவளிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "நீ வேணாம்னா அந்தச் சேர் சும்மாவா இருக்கப்போகுது? இன்னொருத்தர் வந்து உக்காரத்தானே போறாங்க?"

"உக்காரட்டும். அவங்க உயிரோட இருக்கறதுக்காக உக்காருவாங்க. நான் ஊர் சுத்திப் பாக்கறதுக்காக."

"நீயா அந்தப் பொண்ணை ஏதாவது பண்ண?"

"பதினேழு நாளா காலியாச்சா, காலியாச்சான்னு கேட்டிருக்கேன். அவ செத்தது ஞாயித்துக்கிழமை. அதுவரைக்கும் நான் கேட்ட நாளெல்லாம் அவ அதுலதான் உக்காந்திருந்தா." அக்காவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நாளைக்கு எங்கேயோ ஒருத்தி என் சேரைப் பத்தி சிஸ்டர்கிட்ட கேப்பா. நான் அங்க படுத்திருக்கும்போதே கேப்பா."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நம்ம?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா தாளை எடுத்து அழிரப்பரால் நடு ஊரை அழித்தாள். அது போனதும் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிருந்து கடலுக்கு மிகக் குறைந்த வழி ஐந்து மணி நேரம். வெளியே இரவு தங்கக் கூடாது, இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, எங்கே இருந்தாலும் மதியம் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அக்கா எழுதினாள். ஒரு மணியின் கீழே இரண்டு கோடு போட்டாள்.

சனிக்கிழமை மெஷினிலிருந்து வந்தவளுக்கு அன்று முழுவதும் காலில் சதை பிடித்து இழுத்தது. அத்தான் விடிய விடிய நீவிக் கொடுத்தார். இருந்தாலும் ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார்கள். கடலைப் பார்க்கவில்லை. அத்தான் காரைத் துடைத்து, சாவியைக் கொடுக்கப் போனார்.

அக்கா மாடியில் படுத்தபடி என்னிடம் சொன்னாள். நாலு மணி நேரம் ஓட்டிய பிறகு அவருக்குக் கண் சொருகியதாம். சாலை ஓரம் பெரிய மரத்தடியில் காரை நிறுத்தி, "பத்து நிமிஷம். எழுப்பிடு" என்று சொல்லி சீட்டைச் சாய்த்திருக்கிறார். பத்து நிமிடம் ஆனதும் இவள் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தூங்கி அவள் விழித்திருந்ததே இல்லை. வெயில் அவர் முகத்துக்கு வந்தபோது ஜன்னலில் துண்டை மாட்டினாளாம். ஈ ஓட்டினாளாம். சத்தமாக ஹாரன் அடித்த லாரிக்காரனை முறைத்தாளாம். இரண்டரை மணி நேரம். பன்னிரண்டரைக்கு அவராகவே பதறி எழுந்தபோது, இன்னும் ஒரு மணி நேரம் போனால்தான் கடல். அவள் திரும்பச் சொன்னாள்.

"எழுப்பியிருந்தா பாத்திருப்ப இல்ல?" என்று கேட்டேன்.

"பாத்திருப்பேன்" என்றாள். "அவர்கிட்ட சொல்லாத. வேணும்னே எழுப்பலன்னு தெரிஞ்சா திட்டுவாரு. நானும் அசந்துட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தலை வாரியபடியே போய்விட்டாள்.

அவள் போய் ஒரு வருடம் ஆன அன்று அத்தான் கீழ் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரே ஒரு ஆசைதான் பட்டாள், நான் தூங்கித் தொலைத்ததால் அதுவும் நடக்கவில்லை, எத்தனையோ பேரை நேரத்துக்கு வெளியே எடுத்திருக்கிறேன், அன்றைக்குப் பத்து நிமிடத்தில் எழ முடியவில்லை என்றார். அந்தப் பயணத்திலிருந்து அதையே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நான் அன்று மீறினேன். அவள் வேண்டுமென்றேதான் எழுப்பவில்லை என்றேன். எட்டு நாள் அவருக்குப் பொண்டாட்டியாக இருந்துவிட்டு வர வேண்டும் என்று அவள் கேட்டதையும், துண்டையும் ஈயையும் லாரிக்காரனையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

"குறட்டை விட்டேனாமா?" என்று கேட்டார்.

"விட்டீங்களாம்" என்றேன்.