படிவம் சார்

கூட்டங்களில் அவர் உட்காருவது கடைசிக்கு முந்தைய வரிசை. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போகிறவன் என்று நினைப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் விஷயம் தெரிந்தவன் என்று நினைப்பார்கள். இரண்டு பெயரும் அவருக்கு வேண்டாம்.

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கண்ணாடிக்கடைக்கு மேலே உள்ள கூடத்தில் பேச்சு நடக்கும். ஒரு மாதம் புத்தகம், ஒரு மாதம் சினிமா, ஒரு மாதம் பாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். நடத்துகிறவர் கண்ணாடிக்கடைக்காரர்தான். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையை அவர் கூட்டத்துக்காகக் கழற்றுவதில்லை. பேச்சு புரியாதபோது, எத்தனையாவது வரிவரை தனக்கு எழுத்து தெரிகிறது என்று இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாதிக்கு மேல் புரியாது. ஆனாலும் போவார். அவருக்கு வேலை அரசு அலுவலகத்தில், படிவம் வாங்கும் சன்னலில். காலையிலிருந்து மாலைவரை கம்பிக்கு அந்தப் பக்கம் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கேள்விகள் மாறாது. "சார், இங்க என்ன எழுதணும்?" "சார், இது எந்த சன்னல்?" யாரும் எதையும் விண்ணப்பிக்காத ஓர் அறையில் மனிதர்கள் பேசுவதைக் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு யாரும் கேட்காததால் இதை யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாரும் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். கொஞ்சம் பின்தங்கி. பக்கத்து ஆளின் தோள் குலுங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பதால் வரும் தாமதம் அது. கைதட்டலிலும் அப்படியே. அவர் தட்டத் தொடங்கும்போது மற்றவர்கள் முடித்துக்கொண்டிருப்பார்கள்.

மனைவிக்கு இதில் மதிப்பில்லை. அவள் சலவைக்கடையில் துணி வாங்கிச் சீட்டுக் கட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள்.

"அங்க போய் என்னத்தைக் கிழிக்கறீங்க?"

"சும்மா கேட்டுட்டு வரேன்."

"இங்க நான் சொல்றதைக் கேக்க ஆள் இல்ல."

அந்தச் சனிக்கிழமை பேசியவர் ஒரு விமர்சகர். கவிதைகளும் எழுதுவார். இன்றைய கவிதைகளைப் பற்றிப் பேச்சு. அன்றைக்குப் பார்த்து மைக் கொரகொரத்தது. சொல்லின் நடுவில் வரும் எழுத்துகளை அது விழுங்கிக்கொண்டிருந்தது. இவர் எழுத்துப் பலகையில் நான்காவது வரியில் இருந்தபோது, காதில் ஒரு சொல் விழுந்தது. தெரிந்த சொல். வாழ்நாள் முழுவதும் புழங்கிய சொல்.

"...பெருத்துப்போச்சு. ஒருத்தர் வச்சதையே எல்லாரும் எடுத்து நிரப்பறாங்க. எங்க பாத்தாலும் படிவம். எதுக்கு இத்தனை படிவம்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கூடத்தில் முதல் முறையாக, பக்கத்து ஆளைப் பார்க்காமல் தலையாட்டினார்.

கேள்வி நேரம் வந்தது. யாரும் கை தூக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கெஞ்சுகிற குரலில், "யாராவது... ஒண்ணு ரெண்டு கேள்வி..." என்றார். கை ஒன்று உயர்ந்தது. அது தன்னுடையது என்பது மைக் கையில் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயா, ஒரு சின்னக் கேள்வி. படிவம் அதிகமாயிடுச்சுன்னு சொன்னீங்க. ரொம்ப சரி. நானும் தினம் பாக்கறேன். ஒரே விஷயத்தை நாலு படிவத்துல எழுத வேண்டியிருக்கு. எழுதறவனுக்கும் புரியறதில்ல, வாங்கறவனுக்கும் புரியறதில்ல. கடைசில எல்லாரும் பக்கத்துல இருக்கறவன் என்ன எழுதறான்னு பாத்து எழுதிடறாங்க. இதைக் குறைக்க நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

கூடம் வெடித்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ விசில் அடித்தார். விமர்சகர் முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, படிமம் படிமம்னு எழுதற எங்க எல்லாருக்கும் சேத்துக் குடுத்துட்டீங்க. என் கவிதைப் புத்தகத்தையும் படிச்சிருக்கீங்கன்னு தெரியுது."

மீண்டும் சிரிப்பு. அந்தக் கொரகொரப்பில் படிமமும் அவர் காதில் படிவமாகவே விழுந்தது. அவரும் சிரித்தார். அலுவலகச் சன்னலில் இத்தனை பேர் அவதிப்பட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

படிக்கட்டில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னமா ஊசி ஏத்தினீங்க சார்! வாழைப்பழத்துல ஏத்தற மாதிரி!"

"எல்லாருக்கும் உள்ள கஷ்டந்தானே சார்" என்றார் இவர்.

அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டில் சொன்னபோது மனைவி தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கை தட்டினாங்களா? உங்களுக்கா?"

"ஆமா."

"எழுந்து நின்னா?"

"ரெண்டு மூணு பேர் நின்னாங்க."

அவள் நம்பவில்லை. ஆனால் கண்ணாடிக்கடைக்காரர் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தார். இணையத்திலும் போட்டிருந்தார். மனைவி அதைத் தன் கைபேசியில் வாங்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். இணையத்தில் அதன் அடியில் யார் யாரோ எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'தரமான சம்பவம்.' 'பெரியவர் வேற லெவல்.' 'கவிஞர்களுக்கு இன்று தூக்கம் வராது.'

"வேற லெவலாம்" என்றாள் அவரைப் பார்த்து. அந்தப் பார்வையை அவர் எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

அவள் சலவைக்கடைக்குக் கொண்டுபோனாள். முதலாளியம்மாவுக்குக் காட்டினாள். துணி வாங்க வந்தவர்களுக்குக் காட்டினாள். "நம்ம வீட்டுக்காரர்தான். வாயே திறக்கமாட்டார். திறந்தா இப்படித்தான்."

விஷயத்தைக் கண்டுபிடித்தது மகள். கல்லூரியிலிருந்து வந்தவள் இயர்போன் மாட்டிக்கொண்டு அந்தத் துண்டைப் பார்த்தாள். நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள்.

"அப்பா, அவர் படிமம்னுதானே சொல்றார்?"

"என்ன?"

"படிமம். வ இல்ல, ம. கவிதை படிக்கும்போது மனசுல ஒரு படம் வரும்ல, அது."

"அது வேறயா?"

மகள் சிரிக்கத் தொடங்கினாள். சுவரில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மாகிட்ட சொல்லாத."

"நான் எதுக்குப்பா சொல்றேன்."

அன்று அவர் குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஒலியைக் குறைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். கேள்வியை முழுதாகக் கேட்க முடிந்தது. அது பரவாயில்லை. கேள்விக்குப் பிறகு படம் அவர் பக்கம் திரும்புகிறது. கூடமே சிரிக்கிறது. நடுவில் நின்றுகொண்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவரும் சிரிக்கிறார். வாய் முழுக்கப் பல். எதற்கென்று தெரியாமல் சிரிக்கிற ஒரு மனிதனின் முகத்தை அவர் அதற்கு முன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் கடைசிக்கு முந்தைய வரிசையில் இந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வாளி நிரம்பி வழிந்தது. மனைவி கதவைத் தட்டினாள். "வேற லெவல்! தண்ணி போகுது."

மறுநாள் சன்னலில் ஒரு பெண், பாதிக் கட்டங்களில் கோடு இழுத்த படிவத்தை நீட்டினாள். அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"தெரியலன்னா தெரியலன்னு எழுதணும்மா. கோடு இழுத்துட்டா ஆச்சா?"

"எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம் சார்."

அவர் அப்படியே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார்.

கண்ணாடிக்கடைக்காரரின் அழைப்பு வந்தபோது எடுத்தது மனைவி. இந்த மாதம் சினிமா; அதே விமர்சகர்தான் பேசுகிறார்; தொடங்கிவைக்க இவர் மேடையில் உட்கார வேண்டும்; எல்லாரும் 'படிவம் சார்' வருவாரா என்று கேட்கிறார்கள்.

"வருவாருங்க. கண்டிப்பா வருவாரு. நானே கூட்டிட்டு வரேன்."

"எனக்கு முடியாது" என்றார் அவர், அவள் வைத்த பிறகு.

"ஏன் முடியாது?"

சொல்வதற்கு அதுதான் சமயம். அடுக்களையில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒரே ஓர் எழுத்து. அவளுக்கும் படிமம் என்றால் என்னவென்று தெரியாது; சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அந்தப் பார்வை போயிருக்கும், அவ்வளவுதான்.

"சட்டை நல்லதா இல்ல" என்றார்.

"சலவைக்கடைக்காரி புருஷன் பேசற பேச்சா இது?"

வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, மடிப்பு கையை வெட்டுகிற மாதிரி தேய்த்துக் கொண்டுவந்தாள். முதலாளியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையிலிருந்து பார்த்தால் எழுத்துப் பலகை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பார்ப்பதற்கு முகங்கள்தான் இருந்தன. எல்லாம் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக இருந்தன.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் இரவெல்லாம் யோசித்துவைத்திருந்தது ஒரு பாராட்டு. அன்றைய பேச்சுக்கு எடுத்த படத்தின் வெளிச்சத்தைப் பற்றி, மகள் எழுதிக் கொடுத்தது. மனப்பாடமாகத் தெரியும். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"அன்னிக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன்..."

சிரிப்பு, கைதட்டல்.

"இல்ல, சிரிக்காதீங்க. எனக்குப் படிமம்னா என்னன்னு தெரியாது."

கைதட்டல் வலுத்தது. விமர்சகர், "எங்களுக்கும்தான் தெரியாது!" என்று தொடையில் தட்டினார்.

"நெசமாத்தான் சொல்றேன். மைக் சரியில்ல. ஐயா படிவம்னு சொன்னதாத்தான் என் காதுல விழுந்துச்சு. நான் படிவம் வாங்கற சன்னல்ல வேலை பாக்கறேன். அதைத்தான் கேட்டேன். வேற எந்த அர்த்தமும் இல்ல."

கூடம் குலுங்கியது. பின்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முகத்தைப் பாரு, கொஞ்சங்கூட மாறல" என்றது ஒரு குரல். முதலாளியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனைவியின் தோளில் சாய்ந்தாள்.

மனைவி சிரிக்கவில்லை. கைப்பை மடியில் இருந்தது. அதன் மேல் இரண்டு கைகளும் இருந்தன. அவர் பொய் சொல்லும் குரலும் மெய் சொல்லும் குரலும் அந்தக் கூடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். அதற்குத்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

முதலாளியம்மாவை அழைத்துப்போக அவளுடைய மகன் வந்திருந்தான். பேருந்து நிறுத்தத்தில் அவரும் மனைவியும் நின்றார்கள். நல்ல காற்று. கஞ்சி போட்ட சட்டை முதுகில் ஒட்டாமல் தனியாக நின்றது.

"அங்க சொன்னது நெசந்தானே?"

"ஆமா."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீ கடைக்குக் கொண்டுபோன அன்னிக்கு."

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

அவர் பேருந்து வரும் திசையைப் பார்த்தார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அப்ப எனக்குத்தான் தெரியாது." கொஞ்சம் கழித்து, "போற வர்றவனுக்கெல்லாம் காட்டினேனே" என்றாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "அவ்வளவு பேர் முன்னாடி சொல்ல வாய் வந்துச்சு. எங்கிட்ட வரல."

"நீ சந்தோஷமா இருந்த."

"அதுக்கு?"

பேருந்து வந்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர் ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நேரே வந்து நின்றார். பின்னால் அவருடைய நண்பர்களும் இருந்தார்கள்.

"படிவம் சார்! இன்னிக்கு அன்னிக்கைவிட ஒரு படி மேல சார். தெரியாதுன்னு ஒரே போடு!" பிறகு அவளிடம் குனிந்தார். "அம்மா, சார் வீட்டுலயும் இப்படித்தானா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. முன் இருக்கையின் முதுகில் யாரோ கீறியிருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றாள் அவள். "வீட்டுலயும் இப்படித்தான். எப்ப நெசம் சொல்வார்னே தெரியாது."

நண்பர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் பின்தங்கி. அவருக்கு அந்தச் சிரிப்பை நன்றாகத் தெரியும்.