ஜலஜாவின் நாற்பத்தோரு வடிகால்கள்

அமெரிக்காவில் உள்ள பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் காரைவிட்டு இறங்கியதும் எல்லோரும் கோபுரத்தைப் பார்ப்பார்கள். ஜலஜா தரையைப் பார்ப்பார். மழைநீர் இறங்கும் வடிகாலின் கம்பி மூடியில் சருகு சிக்கியிருந்தால், அதைச் செருப்பு முனையால் தள்ளிவிட்ட பிறகுதான் சந்நிதி. பட்டுப்புடவை கட்டியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

ஐம்பது வயது. சொந்த ஊர் கரூர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. "எது எப்ப பிரேக் ஆகும்னு தேடறதுதான் என் வேலைங்க. கோடா இருந்தா என்ன, ரோடா இருந்தா என்ன?" என்பார். நாம் பேசும்போதே "ஒன் செகண்ட்" என்று நிறுத்தி, எதையோ கைபேசியில் குறித்துக்கொள்வார். காபி ஆறிப்போயிருக்கும்.

நான் அவருக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் புயலில் எங்கள் தெரு குளமானது. பக்கத்து ஆறு பொங்கி வந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தோம். அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர். வாஷிங் மெஷின் போயிற்று. ஆறாம் வகுப்பு படித்த மகள் ரக்ஷா பள்ளிக்காக அட்டையில் கட்டியிருந்த மொகஞ்சதாரோவும் கூழானது. கணவர் ராமசுப்ரமணியன், "போதும். வீட்ட வித்துட்டு டெக்ஸாஸ் மூவ் பண்ணிடலாம்" என்றார்.

மாதிரியை மறுபடி செய்ய மகளோடு உட்கார்ந்தபோது, பாடப் புத்தகத்தின் ஒரு படத்தில் ஜலஜாவின் கண் நின்றது. சிந்து நதிக்கரை நகரத்தின் தெருச் சாக்கடை. மேலே கல் மூடி. தூர்வார வேண்டுமென்றால் தூக்கிவிடலாம். கசடு தங்க இடையிடையே குழி.

"நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னாடியே, தொறந்து கிளீன் பண்ணணும்னு யோசிச்சிருக்காங்க. நம்ம தெருவுல யாருடி தொறந்தா?"

"நோபடி, அம்மா."

மறுநாள் குடையோடு கிளம்பி, சுற்றுத் தெருக்களில் நாற்பத்தோரு வடிகால்களைப் படம் எடுத்தார். முப்பதுக்கு மேல் அடைபட்டிருந்தன. நகர சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருவார்கள். மேடையேறிப் பழக்கமில்லாத ஜலஜா, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசினார். அங்கே ஆங்கிலத்தில் சொன்னதை எங்களிடம் தமிழில் சொல்லிக் காட்டினார்: "ஆறு எங்களைத் தேடி வரலைங்க. மழைத் தண்ணி ஆத்துக்குப் போக வழியில்லாம நிக்குது."

இரண்டு கூட்டம் இழுத்தடித்த பிறகு, ஆண்டுக்கு இருமுறை தூர்வாரும் வண்டி அனுப்பச் சபை ஒப்புக்கொண்டது. மேலே சேரும் சருகை வாருவது குடியிருப்போர் பொறுப்பு. வடிகால்களை வீட்டுக்கு ஒன்றாக ஜலஜாவே பிரித்துக் கொடுத்தார். எனக்குப் பதினேழாம் எண். முதலில் சிரித்தேன். எதிர்வீட்டு அமெரிக்கப் பெரியவர் வாரம் தவறாமல் தன் பங்கை வாருவதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

சென்ற ஜூலையில் ஒரு பிற்பகல், அந்தப் புயல் நாளைப் போலவே கொட்டித் தீர்த்தது. எல்லோரும் வாசலில் நின்றோம். தெருவில் தண்ணீர் கணுக்கால்வரை ஏறியது. ராமசுப்ரமணியன் பேஸ்மென்ட்டுக்கு ஓடினார். ஏறிய தண்ணீர் நின்றது. பிறகு, விரற்கடை விரற்கடையாக இறங்கியது. அவர் திரும்பி வந்து, "காஞ்சிருக்கு... ஒரு சொட்டு இல்ல" என்றார்.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். தெருவோரம் நனைந்தபடி குந்தியிருந்த ஜலஜா, கம்பி மூடிக்குள் தண்ணீர் ஓடும் சத்தத்துக்குக் காதைச் சாய்த்து, எங்களைப் பேசாமலிருக்கச் சொல்லி ஒரு கையை உயர்த்தினார்.