ஏழு குப்பி, ஒரு மாத்திரை

மனிதர்களின் மூத்திரத்தைக் குப்பியில் வாங்கிப் பெயர் ஒட்டுகிற வேலைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் வந்து இறங்கிய வெளிநாட்டு நிவாரண நிறுவனங்களில் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தேன். லீவு, காப்புறுதி, வாகன ஓட்டம் இவைதான் என் மேசைக்கு வரும். எங்கள் பொறுப்பாளர் வெள்ளைக்காரர். அவருக்குத் தமிழில் ‘வணக்கம்’ தவிர வேறு சொல் தெரியாது. அவர் பேசுவதை ஊழியர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு. அதை நன்றாகச் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது, அந்தப் பெருமைக்கு ஒரு நாள் சரியான அடி விழுந்தது.

எங்கேயோ ஒரு நாட்டில் எங்கள் நிறுவனத்துச் சாரதி ஒருவர் போதையில் வாகனத்தைக் கொண்டுபோய் மதிலில் மோதிவிட்டாராம். அதற்காக எல்லா நாட்டுக் கிளைகளிலும் சாரதிகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மது, கஞ்சா, தூள், மயக்கம் தரும் மருந்துகள் என்று ஒரு நீண்ட பட்டியலும் கூடவே வந்தது.

எங்களிடம் ஏழு சாரதிகள் இருந்தார்கள். வாகரைப் பக்கம் சண்டை ஓய்ந்து சனங்களைத் திரும்பக் குடியேற்றிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கூரைத் தகரமும் தண்ணீர்த் தாங்கியும் ஏற்றிக்கொண்டு மாங்கேணிக்கும் கதிரவெளிக்கும் விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபடத் திரும்புவார்கள். வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். இறங்கு, பையைத் திற, சாப்பாட்டுப் பெட்டியைத் திற, சட்டையைத் தூக்கு. நாளுக்கு எட்டுத் தடவை இதைச் செய்துவிட்டு வருகிற மனிதரிடம் அவருடைய மூத்திரத்தையும் கேட்க வேண்டி வந்ததில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வாகனம் ஓட்டுகிறவன் நிதானமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த வாகனங்களில் நானும்தான் போனேன். எனக்கு உறுத்தியது அந்தப் படிவம். உனக்கு என்ன வருத்தம் வியாதி, கடந்த ஒரு மாதத்தில் என்ன மருந்து எடுத்தாய், எந்த டொக்டரிடம் எடுத்தாய் என்று அது கேட்டது. நிரப்பியதை என்னிடம் தர வேண்டும், நான் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். “இது டொக்டர் மட்டும் பார்க்க வேண்டியது. எனக்கும் உங்களுக்கும் எதற்கு?” என்று கேட்டேன். “அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடு, போதும்,” என்றார். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு என்னவோ அந்த வாய் பாதி வழியில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அறிவித்தோம், திங்கட்கிழமை பரிசோதனை. இடையில் வந்த சனிக்கிழமை சாரதிகளில் ஒருவர் சுனாமி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த புது வீட்டுக்குக் குடிபூர இருந்தார். மதியச் சாப்பாடும் அதற்கு முன்னால் கொஞ்சம் சாராயமும் ஏற்கனவே ஏற்பாடாகியிருந்தன. சாராயம் ஒரு கிழமைக்கு உடம்பில் நிற்கும், வெற்றிலை புகையிலை கூடப் பரிசோதனையில் தெரியும் என்று எவனோ அவர்களுக்குக் கதை விட்டிருக்கிறான். குடிபூரலைத் தள்ளிப்போட மனம் வரவில்லை, வேலையை இழக்கவும் மனம் வரவில்லை. ஆகவே ஏழு பேரில் ஆறு பேர் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஏழாமவர்தான் அவர்களில் மூத்தவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். குடி இல்லை, பீடி இல்லை, வெற்றிலை கூட இல்லை. அது வைகாசி மாதம், அம்மன் கோயிலில் கதவு திறந்து சடங்கு நடக்கிற காலம். அவர் கையில் காப்புக் கட்டி, மச்சம் மாமிசம் விட்டு, ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். காப்புக் கட்டிய ஆளின் உடம்பை விடச் சுத்தமான உடம்பு ஊரில் எங்கே இருக்கப்போகிறது? திங்கட்கிழமை காலையில் அவரைக் கெஞ்சி, ஒரு சோடாப் போத்தலை நிரப்பி வாங்கி, கழிப்பறைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் அதிலிருந்து தங்கள் குப்பிக்குள் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் கையுறை போட்டுக்கொண்டு மிகக் கண்டிப்பான முகத்தோடு வாங்கி வாங்கிப் பெயர் ஒட்டினேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பத்து நாளில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. என் பெயருக்கு, ஒட்டாத கடித உறையில். சாராயம் இல்லை, கஞ்சா இல்லை, தூள் இல்லை. ஆனால் ஏழு பேருடைய சிறுநீரிலும் தூக்க மாத்திரை இருந்தது. ஏழிலும் அதே மருந்து.

பொறுப்பாளருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாளும் தூக்க மாத்திரை போட்ட ஏழு பேரை நம்பியா வாகனங்களைக் கொடுத்தோம் என்று கத்தினார். உடனே எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிடு என்றார். தனித்தனியாகப் பேசுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். “ஏழு பேருக்கும் ஒரே முடிவு. இதில் யாருக்கு என்ன இரகசியம்?” என்றார். அது நியாயம் போல எனக்கும் பட்டது. நான் யோசிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை.

வேப்ப மரத்தடியில் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் பிசகில்லாமல், உரத்த குரலில், தமிழில் சொன்னேன். “உங்கட ஏழு பேர்ட பரிசோதனையிலயும் தூக்க மாத்திரை இருந்திருக்கு. நாளையில இருந்து ஏழு பேருக்கும் வேலை இடைநிறுத்தம். விசாரணை முடிய மறுகா நீக்கிறதா வைக்கிறதா எண்டு சொல்லுவாங்க.”

ஆறு தலைகள் ஒரே நேரத்தில் மூத்தவர் பக்கம் திரும்பின. ஒரு கணம்தான். உடனே ஆறும் நிலத்தைப் பார்த்தன. அவர் முதலிலிருந்தே தலை குனிந்து நின்றதால் அதைக் காணவில்லை. நான் கண்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு மனிதன் உள்ளே பூட்டி வைத்திருந்ததை என் வாயால் முற்றத்தில் கொட்டிவிட்டேன் என்பதும் விளங்கியது.

மத்தியானம் மூத்தவர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருக்காமல் நின்றார்.

“மிஸ், அது என்ட. ஏழும் என்ட.”

“தெரியும் அண்ணன். இரிங்க.”

சுனாமியில் மனைவியும் இளைய மகளும் போய்விட்டார்கள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு அவர் நித்திரை கொள்ளவில்லை என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. கண்ணை மூடினால் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்குமாம். ஆசுப்பத்திரியில் மனநல கிளினிக்குக்குப் போய், இரண்டு வருடமாகப் படுக்கைக்குப் போகும்போது அரை மாத்திரை எடுக்கிறார். படிவத்தில் மருந்து ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்.

“டொக்டர் தந்த மாத்திரைதானே, எழுதியிருக்கலாமே,” என்றேன்.

“அரை மாத்திரைதானே, தெரியாமப் போயிரும் எண்டு நினைச்சன். எழுதினா நீங்க பாப்பீங்க, துரை பாப்பாரு, கோப்பில கிடக்கும். மூத்தவளுக்குக் குருக்கள்மடத்தில மாப்பிள்ள பேசிக்கிடக்கு மிஸ். பொண்ணுட தகப்பன் பயித்தியக் கிளினிக்குக்குப் போறானாம் எண்டு ஒரு வாய் சொன்னாக் காணும். எனக்கு வேலை போனாலும் காரியமில்ல. அவள்ட கலியாணம் குழம்பக் கூடா.” பிறகு மெதுவாகக் கேட்டார். “அவனுகளுக்கு விளங்கியிரிக்குமா?”

சாரதிகளின் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். காத்தான்குடியில் காலையில் நடந்தது மத்தியானத்துக்குள் ஏறாவூரில் தெரிவது அவர்களால்தான். அவர் போன பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பொறுப்பாளரின் அறைக்குப் போனேன்.

“பரிசோதனை செல்லாது,” என்றேன். “குப்பிகளில் இருந்தது ஒரே ஆளுடைய சிறுநீர். நான் கவனமாக வாங்கவில்லை. பிழை என்னுடையது, எழுதித் தருகிறேன்.”

“யாருடையது?”

“தெரியும். சொல்ல மாட்டேன்.”

கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினார். இது கீழ்ப்படியாமை, உன் வேலையே போகும் என்றார். போகட்டும் என்றேன். சுற்றறிக்கையை எடுத்து அவர் மேசையில் விரித்து, பரிசோதனை முடிவை மருத்துவர் தவிர வேறொருவரும் பார்க்கக் கூடாது என்று இருந்த, நாங்கள் இருவருமே கவனிக்காமல் தாண்டிப்போன வரியைக் காட்டினேன். ஒட்டாத உறையில் வந்ததை நான் படித்ததும் பிழை, நீங்கள் படித்ததும் பிழை, முற்றத்தில் வைத்துச் சொன்னது எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, அந்தப் பிழையில் நமக்குச் சரிபாதி என்றேன். அன்றைக்கு அவரோடு பேசிய ஆங்கிலம் போல நல்ல ஆங்கிலம் நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்த வரியில் விரலை வைத்துத் திரும்பவும் படித்தார். பிறகு, நீ என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். எல்லோரையும் திரும்ப ஒரு டொக்டரிடம் அனுப்ப வேண்டும். வருத்தம், மருந்து எல்லாம் டொக்டருக்கும் அவரவருக்கும் இடையில் இருக்கட்டும். எங்களுக்கு ஒரு வரி போதும்: வாகனம் ஓட்டத் தகுதியா, இல்லையா. நிரப்பிய ஏழு படிவங்களையும் அவர் முன்னால் கிழித்தேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். அது இன்னும் வீட்டில் கிடக்கிறது, எனக்கு அதில் வெட்கமில்லை.

மறுநாள் காலை வேலை இடைநிறுத்தம் நீங்கியது. தேநீர் குடிக்கிற இடத்தில் ஆறு பேரிலும் வாய் பெருத்தவர், குடிபூரல் வீட்டுக்காரர், எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“கொழும்பில நம்மட குப்பியள மாத்திப்போட்டானுகளாம்கா! ஆர்ட மூத்திரத்தையோ பாத்துப்போட்டு நம்மள நித்திரக் குளிசக்காரன் எண்டுறான்! அப்பிடித்தானே மிஸ்?”

நான் அப்படி ஒரு கதையையும் யாருக்கும் சொல்லவில்லை. மூத்தவர் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. “ஓம்,” என்றேன். “அங்க மாறித்தான் போச்சு.” அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். மற்ற ஐந்து பேரும் கொழும்பு ஆய்வுகூடத்தைத் திட்டத் தொடங்கினார்கள்.

டொக்டர் ஏழு பேருக்கும் ‘தகுதி’ என்று எழுதி அனுப்பினார். மூத்தவரின் மாத்திரையை மாற்றினாரா, அளவைக் குறைத்தாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. ஆவணியில் குருக்கள்மடத்து மாப்பிள்ளை வந்து தாலி கட்டினார். ஆறு சாரதிகளும் பந்தல் போட்டார்கள், சோறு பரிமாறினார்கள், மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி இறக்கினார்கள். ஒரு வாய் கூடத் திறக்கவில்லை.

கலியாணம் முடிந்து சில கிழமைகள் கழித்து, கதிரவெளிக்குப் போகிற வழியில், அந்த வாய் பெருத்த சாரதியோடு நான் முன் இருக்கையில் இருந்தேன். சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, வாகனம் வெளிக்கிட்ட பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“மிஸ், ஆசுப்பத்திரியில அந்த நித்திர வராதவங்களுக்குரிய கிளினிக் என்ன கிழமையில?”

“ஆருக்கு?”

“எனக்குத்தான். மூண்டு வருசமா ஒழுங்கா நித்திர இல்ல.”

அவரும் சுனாமி அள்ளிய அந்தக் கடற்கரைக்காரர்தான். சாராயத்தோடு கூத்தடிக்கிற ஆள் என்று மட்டுமே அவரை நினைத்திருந்தேன். “எனக்குக் கிழமை தெரியாது,” என்றேன். “நம்மட மூத்த அண்ணனிட்டக் கேட்டா அவர் சொல்லுவாரே.”

அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

“அவரிட்டக் கேக்க ஏலா மிஸ். கேட்டா நமக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரிஞ்சிரும்.”

மறுநாள் நானே ஆசுப்பத்திரிக்குப் போய், எனக்கு என்று சொல்லி, கிழமையை விசாரித்துக்கொண்டு வந்தேன்.