பந்தலுக்குத் தலை துவட்டிய ஆவணி

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், ஹெலிகாப்டர் ஓட்டினேன் என்று சொல்வேன். உடனே கண் விரியும். யாரை ஏற்றிக்கொண்டு போனீர்கள், மந்திரியா, நடிகரா என்பார்கள். யாரையும் இல்லை, திராட்சைப் பந்தலுக்குத் தலை துவட்டிவிட்டேன் என்பேன். விரிந்த கண் அப்படியே சுருங்கிவிடும். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அட போங்கய்யா, உண்மையைச் சொன்னால் யார் கேட்கிறீர்கள்!

வருடத்தில் பாதி நாள் எனக்கு மருந்தடிக்கிற வேலைதான். பருத்திக்கும் கரும்புக்கும் மேலே தாழப் பறந்து பூச்சிமருந்து தெளிப்பேன். மதுரையில் வீட்டுக்கு வந்தால் என் மேல் அடிக்கிற வாடைக்கு மனைவி வாசலிலேயே நிறுத்தி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித்தான் உள்ளே விடுவாள். ஆவணியில் அந்த வேலை கொஞ்சம் ஓயும். எண்பதுகளின் தொடக்கத்தில், அப்படி ஓய்ந்திருந்த ஓர் ஆவணியில்தான் கொடைரோட்டுப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் எங்கள் கம்பெனியைப் பிடித்தார்.

பெரிய தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர்த் திராட்சையைப் பந்தலில் ஏற்றிவிட்டிருந்தார். பழுத்து நிற்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும். வெடித்த பழத்தில் மறுநாளே புளித்த வாடை வரும், குளவி மொய்க்கும், கொத்தோடு போய்விடும். அதற்கு முந்தின வருடம் அவருக்கு அப்படித்தான் போயிருந்தது. ஆளை விட்டுக் கம்பியை ஆட்டித் தண்ணீரை உதறிப் பார்த்திருக்கிறார், அம்புட்டுத் தோட்டத்துக்கும் ஆள் பத்தவில்லை. வெளிநாட்டில் பழத்தோட்டத்துக்கு மேலே ஹெலிகாப்டரை நிறுத்தி, அதன் காற்றிலேயே மழைத்தண்ணீரை உதறிவிடுகிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"கேப்டன், நீங்க பறக்கவே வேணாம். பழம் இறங்குற வரைக்கும் இங்கன சும்மா உக்காந்திருங்க. அது போதும் எனக்கு" என்றார் முதல்நாளே. நல்ல மனுஷன். ஆனால் வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் கடுகாய்ச் சிறுத்துவிடும்.

சும்மா உட்கார்ந்திருப்பது எம்புட்டுக் கஷ்டமான வேலை என்பது பார்த்தவனுக்குத்தான் தெரியும். மோட்டார் ரூம் நிழலில் நானும் மெக்கானிக்கும் இரண்டு கயிற்றுக் கட்டில். எதிரே பொட்டலில் ஹெலிகாப்டர். காலையில் ஒரு தடவை எஞ்சினை ஓடவிட்டுச் சரி பார்ப்போம், அப்புறம் வானம் பார்ப்போம். மழை பெய்தால் எனக்கு வேலை. பெய்யாவிட்டால் தோட்டத்து முதலாளிக்கு நிம்மதி. எனக்கோ மழை பெய்யட்டும் என்று மனதுக்குள் நினைக்கவே கூச்சமாக இருக்கும், அவர் வீட்டுச் சாப்பாடு வயிற்றில் கிடக்கிறதே! மேகம் இல்லாத நாளாகப் பார்த்து வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கதை. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். "மழை வர்ற மாதிரி இருந்தாச் சொல்லி அனுப்புங்க, நானும் குடத்தைத் தூக்கிட்டு அங்க வாரேன்" என்பாள் மனைவி.

தோட்டத்துக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கடலைக்காடு. கிணறு கிடையாது, வானத்தை நம்பி விதைத்த காடு. அதற்கு உடையவர் ஓர் அக்கா. அவர் வீட்டுக்காரர் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு இருந்தார், எப்போதாவது வந்துபோவார். அக்கா தனியாகவே உழவுக்கு ஆள் பிடித்து, விதைத்து, களை எடுத்து வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே வேலியோரம் வந்து நின்றார்.

"ஏரோப்ளான் அய்யா, ஒரு வார்த்தை."

"சொல்லுங்கக்கா."

"மழைய வெரட்டிராதீக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விசாரித்தால், இந்த நினைப்பு அக்காவுக்கு மட்டும் இல்லை, சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டு போன பக்கமெல்லாம் மேகம் கூடிக் கூடிக் கலைந்திருக்கிறது. மேலே சுற்றுகிற விசிறிதான் மேகத்தை விசிறி விரட்டுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மழை வேண்டாம் என்கிற திராட்சைக்காரர் காசு கொடுத்து அதையே கொண்டுவந்து நிறுத்தினால் வேறு என்ன நினைப்பார்கள்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். இருந்தாலும் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். மேகம் எம்புட்டு உயரத்தில் இருக்கிறது, நான் பறப்பது தென்னைமர உயரம், என் காற்று கீழ்நோக்கித்தான் அடிக்கும், மேலே போகாது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சோத்துப் பானையில ஆவி வருது. விசிறியால ரெண்டு விசிறு விசிறுனா அது கலையுதா இல்லையா?"

"அது ஆவிக்கா!"

"மேகம் மட்டும் என்னவாம்?"

மெக்கானிக் அன்றைக்கு முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

அக்கா தினமும் வர ஆரம்பித்தார். அய்யா என்று கூப்பிட்டவர் தம்பி என்று மாறினார். ஒருநாள் ஒரு கடலைச் செடியைக் காட்டினார். பூத்து முடித்து, பூ இருந்த இடத்திலிருந்து ஊசி மாதிரி விழுது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த விழுது மண்ணுக்குள் போனால்தான் நுனியில் காய் பிடிக்கும். செம்மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்ததில் ஒன்றும் உள்ளே இறங்க முடியாமல் வெளியிலேயே கருகிக்கொண்டிருந்தன.

"ஒரு நல்ல மழை போதும் தம்பி. தரை இளகிருச்சுன்னா எல்லாம் இறங்கிரும். இது வெளஞ்சா நான் இங்கனயே இருப்பேன். இல்லையின்னா வீட்டப் பூட்டிட்டு அவரு பின்னாடி கொடிக்காலுக்குப் போக வேண்டியதுதான். அங்க நமக்குன்னு என்ன இருக்கு, சொல்லுங்க? அடுத்தவுக குடிசையில ஒரு மூலை."

இதைக் கேட்ட பிறகு நான் செய்த காரியத்தை இங்கே சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒரு நாள் காலையிலேயே மேகம் கூடியிருந்தது. எஞ்சினை ஓடவிட வேண்டிய நேரம். அக்கா வேலியோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப வேணாம்டா, வெளுக்கட்டும், அப்புறம் போடுவோம்" என்றேன்.

"என்ன சார், நீங்களே நம்ப ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான் மெக்கானிக்.

"வாயை மூடு" என்றேன். நம்பவில்லைதான். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் விசிறியைச் சுழற்ற எனக்கு மனசு வரவில்லை.

மழை ஒரு சாயங்காலம் வந்தது. மேற்கே கருத்து, காற்று குளிர்ந்து, சடசடவென்று பெரிய துளியாக விழுந்தது. மோட்டார் ரூம் வாசலில் முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா காட்டின் நடுவில் நனைந்துகொண்டு நின்றார். ஒரே மழை, இரண்டு முகம். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை.

கொஞ்ச நேரம்தான். கொட்டிவிட்டு நின்றுவிட்டது. மேற்கே இன்னும் கருப்பாகத்தான் இருந்தது, ஆனால் துளி இல்லை. முதலாளி துள்ளி எழுந்தார். "கேப்டன், கிளம்புங்க! தண்ணி பழத்துல இறங்குறதுக்குள்ள, சீக்கிரம்!"

நான் வண்டியை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னால் அக்கா வந்து நின்றார். எப்போது வேலியைத் தாண்டினாரோ, சேலை கிழிந்திருந்தது. கையில் ஒரு பிடி மண். மேலே ஈரம், உள்ளே பொடி.

"பாருங்க தம்பி. வெரல் அளவு கூட நனையல. இன்னும் ஒரே ஒரு பாட்டம் பெஞ்சிரட்டும். அந்தா நிக்குது பாருங்க, வந்துரும். அப்புறம் போங்க."

"அக்கா, நான் மேகத்துப் பக்கமே போக மாட்டேன். சத்தியமா. பந்தலுக்கு மேலதான் நிப்பேன்."

"எனக்காக இல்ல, அந்தச் செடிக்காக. ஒரு பாட்டம்."

முதலாளி வந்துவிட்டார். அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலே எழும்பவில்லை. "ஆத்தா, போன வருசம் நான் பட்டது ஒனக்குத் தெரியும்ல. நீதானே அழுகுன கொத்தெல்லாம் கூடை கூடையா அள்ளிக் கொட்டுன" என்றார். முந்தின வருடம் அந்தத் தோட்டத்தில் அக்காவும் கூலிக்கு வந்திருக்கிறார்.

அக்கா என்னைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், மேற்கே பார்த்தார். கையில் இருந்த மண்ணைக் கீழே உதறினார். "அவருக்கும் பொழப்புதானே. போங்க தம்பி" என்று ஒதுங்கி நின்றார். திட்டியிருந்தால், மண்ணை என் மேல் எறிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

கிளம்பினேன். பந்தலுக்கு மேல் நிற்பது லேசான காரியம் இல்லை. ரொம்பத் தாழ்ந்தால் கொடி ஒடியும், உயர்ந்தால் காற்று பத்தாது. பம்புசெட்டுக்குப் போகிற கரண்டுக் கம்பி ஒன்று குறுக்கே உண்டு, அதன் மேல் ஒரு கண் வேண்டும். நடக்கிற வேகத்தில் ஒவ்வொரு வரிசையாகப் போனேன். இலையெல்லாம் மல்லாந்து வெளுப்பாகத் திரும்பி, தண்ணீர் சிதறிப் பறந்தது. பந்தலுக்குக் கீழே ஆட்கள் கம்பியை ஆட்டிக்கொண்டு, அந்த இரண்டாம் மழையில் நனைந்தபடி கூச்சல் போட்டார்கள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஓடுகிற பிள்ளையைப் பிடித்து அழுத்தித் துவட்டுவோமே, அந்த மாதிரி. அந்த வேலையில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பழ வாசனை மேலே வரைக்கும் ஏறி வந்தது.

வரிசை முடிந்து திரும்புகிறபோதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் பார்வை போயிற்று. அக்கா வரப்பில் எனக்கு முதுகு காட்டி, மேற்கே பார்த்து நின்றார். கடைசி வரிசைக்கு வரும்போது மேற்கே மலைப் பக்கம் வெளுத்திருந்தது. கருப்பெல்லாம் பிரிந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஆவணி மேகம் அப்படித்தான் போகும், நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும், கடவுளே, இன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பக்கம் பெய்யக் கூடாதா என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

திராட்சை தப்பித்தது. அடுத்த வாரமே கொத்துக் கொத்தாக இறங்கி லாரியில் ஏறியது. முதலாளி எல்லோருக்கும் கறிச்சோறு போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். கடலைக்காட்டில் மறுபடி மழை பெய்யவில்லை. அக்கா செடியைப் பிடுங்கி மாட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டார் என்று மெக்கானிக் சொன்னான். வேலியோரம் அவர் வருவது நின்றிருந்தது.

வேலை முடிந்து மதுரைக்குக் கிளம்பிய அன்று, ஹெலிகாப்டரைக் கம்பெனியின் இன்னொரு பைலட்டிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு கூடை திராட்சையோடு ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றேன். அக்காவும் அங்கே நின்றார். ஒரு தகரப்பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, கழுத்துக் கயிற்றில் சாவி. சோழவந்தானுக்குப் போகிறார் என்று கேட்காமலே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன். "கெளம்பிட்டீகளா தம்பி?" என்றார், எப்போதும் போல.

கூடையிலிருந்து இரண்டு கொத்து எடுத்து நீட்டினேன். வாங்கி, ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டார். "நல்லா இருக்கு. தண்ணி இறங்கல" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை.

அவருடைய பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: "தம்பி, வெரட்டத் தெரிஞ்ச ஒங்களுக்குக் கூப்பிடத் தெரியாதா?"

அந்த மாதம் முழுக்க, எனக்கு விரட்டத் தெரியாது, தெரியாது என்றே தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது வாயில் வரவில்லை. அதையும் சொல்லிவிட்டால் அந்த அக்காவுக்குக் குறை சொல்லவாவது யார்தான் மிச்சம்?

"தெரியாதுக்கா" என்றேன்.

பஸ் வந்து நின்றது. மூட்டையை நான் தூக்கி உள்ளே வைத்தேன். படியில் ஏறி நின்று, திரும்பி, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அடுத்த வருசம் கத்துக்கிட்டு வாங்க."

"சரிக்கா" என்றேன்.